சீரான முடுக்க இயக்கம்: சமன்பாட்டைக் கடைசியில் தொடுவது எப்படி

மலேசியப் பள்ளிகளின் படிவம் 4 இயற்பியலில் இரண்டாம் பாடம் நேர்கோட்டு இயக்கத்தில் தொடங்குகிறது. சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளைக் கேட்டால், நான்கு சமன்பாட்டையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகளிடம் பிரேக் போட்ட லோரி ஒன்றின் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். நான்கிலும் எண்களைப் போட்டுப் பார்த்து, எது ஏதோ ஒரு விடையைத் தருகிறதோ அதை எழுதிவிடுகிறார்கள்.

கீழே உள்ளவை ஒரு வரிசையில் இருக்கின்றன. சமன்பாடு ஆறாம் பகுதியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் உள்ளவற்றைத் தாண்டிப் போகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது திரும்பத் திரும்பத் தெரிவதால், ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். வீட்டில் தம்பி தங்கைக்குச் சொல்லித் தரும் அக்கா, அண்ணன்மார்களும் இதே வரிசையைப் பிடித்துக்கொள்ளலாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

30 செண்டிமீட்டர் அளவுகோல், வரைபடத் தாள், கால்குலேட்டர், கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரம் போதும். நான்காம் பகுதிக்கு மட்டும் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 2 மீட்டர் ‘எல்’ வடிவ அலுமினியச் சட்டம் ஒன்றும் ஒரு கோலிக்குண்டும் வேண்டும்.

கணிதத்தில் மூன்று தெரிந்திருக்க வேண்டும்: சரிவகத்தின் பரப்பளவு, சமன்பாட்டில் தெரியாததைத் தனியே ஒரு பக்கம் கொண்டுவருவது, இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பது. இதில் ஒன்று ஆட்டம் காண்கிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ‘பிசிக்ஸ் வரவில்லை’ என்று வருத்தப்படும் பிள்ளைகளில் பலருக்குத் தடையாக இருப்பது இயற்கணிதம்தான்.

அலகு மாற்றத்தையும் இங்கேயே முடித்துவிடுங்கள். கிலோமீட்டர்/மணியை 3.6ஆல் வகுத்தால் மீட்டர்/விநாடி. ஒரு மணிக்கு 3600 விநாடி, ஒரு கிலோமீட்டருக்கு 1000 மீட்டர், 3.6 வருவது அதனால். 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25. இந்த நான்கையும் மனத்தில் வைத்தால் பாதி நேரம் மிச்சம்.

மாற்றத்தைக் கணக்கின் முதல் வரியிலேயே செய்யுங்கள். 72ஐ அப்படியே போட்டு இருமடி எடுத்தால் 5184 வருகிறது. 20க்கு இருமடி 400. பிரேக் தூரம் கிட்டத்தட்ட 13 மடங்கு பெருகிவிடும். நடுவில் மாற்றலாம் என்று விட்டுவைப்பவர்கள் இருமடியை 3.6ஆல் வகுத்துவிட்டு இன்னொரு தவறான விடையோடு எழுந்திருக்கிறார்கள்.

2. ஒரே பொருளுக்கு மூன்று மொழி

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை தமிழில் அறிவியல் படித்த பிள்ளைக்கு, இடைநிலைப் பள்ளியில் அது மலாய்ச் சொல்லாக வருகிறது, சில வகுப்புகளில் ஆங்கிலமாகவும் வருகிறது. பொருள் புரியாமல் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வதால் வரும் குழப்பம் இந்தப் பாடத்தில் நிறைய.

‘ஜாராக்’ என்பது தூரம்; போன வழி முழுவதும். ‘செசரான்’ என்பது இடப்பெயர்ச்சி; தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் என்பது. ‘லாஜு’ வேகம், ‘ஹலாஜு’ திசைவேகம். ‘பெச்சுத்தான்’ முடுக்கம். லாஜுவும் ஹலாஜுவும் காதுக்கு ஒன்றுபோல இருப்பதால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். ‘ஹ’ இருந்தால் திசையும் இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமன்பாட்டில் வரும் ஐந்து எழுத்துகள்: யு தொடக்கத் திசைவேகம், வி இறுதித் திசைவேகம், ஏ முடுக்கம், டி நேரம், எஸ் இடப்பெயர்ச்சி. எஸ் என்பதைச் செசரானின் முதல் எழுத்தாக வைத்துக்கொண்டால் அது தூரம் இல்லை என்பது மறக்காது.

முடுக்கம் என்பது திசைவேகம் ஒரு விநாடிக்கு எவ்வளவு மாறுகிறது என்பது. முடுக்கம் 2 மீட்டர்/விநாடி² என்றால், ஒவ்வொரு விநாடி கழியும்போதும் திசைவேகத்தில் 2 மீட்டர்/விநாடி கூடுகிறது. விநாடிக்கு மேல் இருக்கும் அந்த 2 எப்படி வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு இதையே சொல்லுங்கள்: ‘விநாடிக்கு இத்தனை மீட்டர்’ என்ற அளவு, விநாடிக்கு விநாடி மாறுகிறது.

3. கோடு, சுழியம், அம்புக்குறி

ஒரு எண்ணைக்கூட எங்கும் போடுமுன் ஒரு நேர்கோடு வரையுங்கள். பொருள் தொடங்கும் இடத்தில் சுழியம் குறியுங்கள். எந்தப் பக்கம் நேர்க்குறி என்று ஓர் அம்பு போடுங்கள். அம்பு எந்தப் பக்கம் போனாலும் சரி. கணக்கு முடியும்வரை அதை மாற்றக்கூடாது.

சுங்கை சிப்புட் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது. கோலகங்சார் பக்கம் நேர்க்குறி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் போகும் லோரி வேகம் எடுக்கிறது: திசைவேகம் நேர், முடுக்கம் நேர். பிரேக் போடுகிறது: திசைவேகம் நேர், முடுக்கம் எதிர். ஈப்போ பக்கம் போகும் லோரி வேகம் எடுத்தால் திசைவேகமும் எதிர், முடுக்கமும் எதிர். அது பிரேக் போட்டால் திசைவேகம் எதிர், முடுக்கம் நேர்.

மூன்றாவது நிலையில்தான் எல்லாரும் விழுகிறார்கள். ‘முடுக்கம் எதிர்க்குறி என்றால் வேகம் குறைகிறது’ என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். ஈப்போவுக்குப் பறக்கும் லோரிக்கும் எதிர்க்குறி முடுக்கம்தானே இருக்கிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும், வேறு குறியில் இருந்தால் குறையும். இந்த ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கோலிக்குண்டை உருட்டிப் பாருங்கள்

முடுக்கத்தைக் கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு அது எண்ணாக மட்டுமே இருக்கும். அரை மணி நேரம் இதற்குச் செலவிடலாம்.

அலுமினியச் சட்டத்தை ‘வி’ போலக் கவிழாமல் மேசைமேல் வைத்து, ஒரு முனையை 4 செண்டிமீட்டர் உயர்த்துங்கள். நடுவிலும் ஒரு முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாவிட்டால் சட்டம் தொய்யும். தொய்ந்தால் சரிவு இடத்துக்கு இடம் மாறும். சரிவு மாறினால் முடுக்கமும் மாறிவிடும். மேல் முனையிலிருந்து சற்றுத் தள்ளிச் சுழியம் குறித்து, அங்கிருந்து 12, 48, 108, 192 செண்டிமீட்டரில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள்.

கோலியைச் சுழியத்தில் அளவுகோலால் தடுத்து நிறுத்தி, அளவுகோலைச் சட்டென முன்பக்கமாக விலக்குங்கள். விரலால் விடும்போது தெரியாமல் ஒரு தள்ளு விழும். பிறகு யு சுழியம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கோட்டையும் கோலி தாண்டும்போது ஒருவர் கை தட்டட்டும், இன்னொருவர் கைப்பேசியில் ‘லேப்’ அழுத்தட்டும்.

கைதட்டல்கள் சீரான இடைவெளியில் வரும், ஏறக்குறைய ஒன்றரை விநாடிக்கு ஒன்று. கோடுகளுக்கு நடுவே உள்ள நீளத்தைப் பாருங்கள்: 12, 36, 60, 84. சம நேரத்தில் கோலி கடக்கும் நீளம் ஒவ்வொரு முறையும் 24 செண்டிமீட்டர் கூடுகிறது. அந்த மாறாத 24தான் சீரான முடுக்கம். மொத்த நீளம் 1, 4, 9, 16 மடங்காகப் போவதையும் கவனியுங்கள். நேரத்தின் இருமடி சமன்பாட்டில் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுவே சாட்சி.

ஓர் எச்சரிக்கை. சட்டத்தின் சரிவை வைத்து முடுக்கத்தைக் கணக்குப் போட்டு ஒப்பிடாதீர்கள். உராய்வில்லாமல் வழுக்கும் பொருளுக்கு இந்தச் சரிவில் ஏறக்குறைய 0.196 மீட்டர்/விநாடி² வரும். கோலிக்கு 0.11 பக்கம்தான் வரும். கோலி நகர்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால் ஈர்ப்பு கொடுப்பதில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடுகிறது. முடுக்கம் குறைவு என்றாலும் சீராகவே இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

5. டிக்கர் நாடாவை எண்ணும் முறை

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதே வேலையை டிக்கர் டைமர் செய்கிறது; ஓடும் வண்டி இழுத்துச் செல்லும் காகித நாடாவில் சம நேரத்துக்கு ஒரு புள்ளி குத்தும் கருவி அது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்பதால் நாடாவில் விநாடிக்கு 50 புள்ளி விழும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு 0.02 விநாடி.

எண்ண வேண்டியது இடைவெளியை. பத்து இடைவெளி வேண்டுமென்றால் பதினொரு புள்ளி வேண்டும். பத்துப் புள்ளியை எண்ணி வெட்டினால் ஒன்பது இடைவெளிதான் கையில் இருக்கும், நேரம் 0.18 விநாடி. நாடாவின் தொடக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும் புள்ளிகளை விட்டுவிட்டுத் தெளிவாகப் பிரிந்த புள்ளியிலிருந்து ஆரம்பியுங்கள்.

பத்து இடைவெளி கொண்ட துண்டுகளாக வெட்டியபோது நீளங்கள் 2.4, 4.0, 5.6, 7.2, 8.8 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டுக்கும் 0.2 விநாடி. முதல் துண்டின் சராசரித் திசைவேகம் 2.4 ÷ 0.2 = 12 செண்டிமீட்டர்/விநாடி. கடைசித் துண்டுக்கு 8.8 ÷ 0.2 = 44. மாற்றம் 32.

இந்த 32ஐ எந்த நேரத்தால் வகுப்பது? ஐந்து துண்டு இருப்பதால் 5 × 0.2 = 1.0 என்று பெரும்பாலோர் எழுதுகிறார்கள். அது தவறு. 12 என்பது முதல் துண்டின் நடுநேரத்தில் இருந்த திசைவேகம், 44 கடைசித் துண்டின் நடுநேரத்தில் இருந்தது. நடுவிலிருந்து நடுவுக்கு நான்கு துண்டு நேரம்தான், 0.8 விநாடி. ஆகவே முடுக்கம் 32 ÷ 0.8 = 40 செண்டிமீட்டர்/விநாடி², அதாவது 0.4 மீட்டர்/விநாடி².

சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஐந்து துண்டையும் கூட்டினால் 28 செண்டிமீட்டர், ஒரு விநாடியில். சராசரி 28. மூன்றாம் துண்டு 5.6 ÷ 0.2, அதுவும் 28. முடுக்கம் சீராக இருந்தால் மொத்தச் சராசரியும் நடுத் துண்டின் திசைவேகமும் ஒன்றாகவே வரும். வராவிட்டால் ஒரு துண்டை எண்ணியதில் பிழை, இல்லையேல் வண்டி எங்கோ உரசியிருக்கிறது.

6. வரைபடத்திலிருந்து நான்கு சமன்பாடு

ஒரு கப்சாய் மோட்டார், தோட்டச் சாலையில் மேடு ஒன்றை 4 மீட்டர்/விநாடியில் தாண்டி, 5 விநாடியில் 10 மீட்டர்/விநாடிக்குச் சீராக வேகம் எடுக்கிறது. நேரத்தைக் கிடை அச்சிலும் திசைவேகத்தை நிலை அச்சிலும் வைத்து வரையுங்கள். 4இல் தொடங்கி 10இல் முடியும் ஒரு சாய்ந்த நேர்கோடு கிடைக்கும்.

கோட்டின் சாய்வு: 6 ÷ 5 = 1.2. இது முடுக்கம். சாய்வை எழுத்தில் எழுதினால் ஏ = (வி − யு) ÷ டி. இடம் மாற்றினால் முதல் சமன்பாடு:

வி = யு + ஏ × டி

கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு இடப்பெயர்ச்சி. அது ஒரு சரிவகம், இணைபக்கங்கள் 4, 10, இடைத்தூரம் 5. பரப்பு ½ × 14 × 5 = 35 மீட்டர். இரண்டாவது:

எஸ் = ½ × (யு + வி) × டி

அதே சரிவகத்தை ஒரு செவ்வகமாகவும் முக்கோணமாகவும் பிரியுங்கள். செவ்வகம் 4 × 5 = 20. முக்கோணத்தின் உயரம் ஏ × டி, அதாவது 6; பரப்பு ½ × 5 × 6 = 15. மொத்தம் அதே 35. மூன்றாவது:

எஸ் = யு × டி + ½ × ஏ × டி²

செவ்வகம் என்பது வேகம் எடுக்காமலே போயிருந்தாலும் கடந்திருக்கும் தூரம். முக்கோணம் வேகம் எடுத்ததால் கிடைத்த உபரி. இதைக் கண்டுகொண்ட பிள்ளை ½ஐ மறப்பதில்லை. முக்கோணம் இருக்கும்போது அரை இருக்கத்தானே வேண்டும்.

முதல் இரண்டிலிருந்து டி-யை நீக்கினால் நான்காவது:

வி² = யு² + 2 × ஏ × எஸ்

நம் மோட்டாருக்குப் போட்டுப் பாருங்கள்: 16 + 2 × 1.2 × 35 = 16 + 84 = 100. வி² = 100, வி = 10. ஒத்துப்போகிறது.

இரண்டாவது சமன்பாட்டில் உள்ள ‘கூட்டி இரண்டால் வகு’ என்பது கோடு நேராக இருந்தால் மட்டுமே செல்லும். கோடு வளைந்தால் சராசரி நடுவில் வராது. முடுக்கம் மாறும் கணக்கில் இதைப் போட்டுவிட்டு விடை ஏன் பொருந்தவில்லை என்று தேடுபவர்கள் உண்டு.

7. ஐந்து எழுத்துப் பட்டியல்

கேள்வியைப் படித்தவுடன் யு, வி, ஏ, டி, எஸ் ஐந்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, தெரிந்ததற்கு எண்ணும் குறியும் அலகும் போடுங்கள். கேட்பதற்குக் கேள்விக்குறி. கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை என்றால் கோடு.

கோடு விழுந்த எழுத்து எந்தச் சமன்பாட்டில் இல்லையோ அதை எடுங்கள். எஸ் இல்லாதது முதலாவது, ஏ இல்லாதது இரண்டாவது, வி இல்லாதது மூன்றாவது, டி இல்லாதது நான்காவது. ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை.

மூன்று எண்கள் கிடைக்காவிட்டால் கேள்வியில் ஒளிந்திருக்கிறது என்று பொருள். ‘பெகுன்’, அதாவது அசையாமல் இருந்தது என்ற சொல் வந்தால் யு சுழியம். ‘பெர்ஹெந்தி’, அதாவது நிற்கிறது என்றால் வி சுழியம். ‘விழ விடப்பட்டது’ என்றால் யு சுழியம், ஏ ஈர்ப்பு முடுக்கம். ‘உச்சத்தை அடைகிறது’ என்றால் அங்கே வி சுழியம்.

8. லோரிக் கணக்கு, முழுவதுமாக

செம்பனைக் குலை ஏற்றிய லோரி 72 கிலோமீட்டர்/மணியில் வருகிறது. 60 மீட்டருக்கு முன்னால் சாலையில் மாடு. ஓட்டுநர் கண்டு பிரேக்கை மிதிக்க 0.8 விநாடி ஆகிறது. அதன்பின் முடுக்கம் −4 மீட்டர்/விநாடி². லோரி மாட்டுக்கு முன் நிற்குமா?

முதல் வேலை, இயக்கத்தைப் பகுதியாகப் பிரிப்பது. முடுக்கம் எங்கே மாறுகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். இங்கே பிரேக் பிடிக்கும் நொடியில் மாறுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டியல், அந்தப் பக்கம் இன்னொரு பட்டியல். ஒரே பட்டியலில் முழுக் கதையையும் அடக்கப் பார்ப்பதுதான் இந்தப் பாடத்தில் மிகப் பெரிய தவறு. சமன்பாடுகள் நான்கும் ஏ மாறாமல் இருக்கும் ஒரு பகுதிக்குள் மட்டுமே உண்மை.

முதல் பகுதி: திசைவேகம் 20 மீட்டர்/விநாடி, ஏ சுழியம், டி 0.8. எஸ் = 16 மீட்டர். பிரேக் தொடங்குமுன்னே 16 மீட்டர் போய்விட்டது.

இரண்டாம் பகுதி: யு 20, வி 0, ஏ −4, எஸ் கேள்விக்குறி, டி-க்குக் கோடு. நான்காவது சமன்பாடு. 0 = 400 − 8 × எஸ். எஸ் = 50 மீட்டர். மொத்தம் 66 மீட்டர். மாடு 60 மீட்டரில் நிற்கிறது. லோரி அதற்கு முன் நிற்காது.

எந்த வேகத்தில் மோதும்? மாட்டுக்கும் பிரேக் பிடித்த இடத்துக்கும் நடுவே 60 − 16 = 44 மீட்டர். வி² = 400 − 8 × 44 = 48. வி ஏறக்குறைய 6.9 மீட்டர்/விநாடி, 25 கிலோமீட்டர்/மணி. ஆறு மீட்டர் போதாமல் போனதற்கு இவ்வளவு வேகம் மிச்சமா என்று பிள்ளைகள் நம்பமாட்டார்கள். திசைவேகத்தின் இருமடிதான் தூரத்தோடு சீராகக் குறைகிறது. ஆகவே பிரேக் தூரத்தின் தொடக்கத்தில் வேகம் மெதுவாகவும் கடைசிச் சில மீட்டரில் மிக வேகமாகவும் குறைகிறது.

அதே லோரி 54இல் வந்திருந்தால் 12 மீட்டரும் 225 ÷ 8 = 28.1 மீட்டரும் சேர்ந்து 40 மீட்டரில் நின்றிருக்கும். மழைச் சாலையில் முடுக்கம் −2.5 ஆகக் குறைந்தால் 72இல் வரும் லோரிக்கு 16 + 80 = 96 மீட்டர் வேண்டும்.

இன்னொரு பொறியையும் இங்கே காட்டிவிட வேண்டும். ‘பிரேக் போட்டு 7 விநாடி கழித்து லோரி எங்கே?’ என்று கேட்டால் மூன்றாவது சமன்பாட்டில் போட்டு 20 × 7 − 2 × 49 = 42 மீட்டர் என்று எழுதுகிறார்கள். 50 மீட்டரில் நின்ற லோரி 42இல் எப்படி இருக்கும்? சமன்பாடு லோரியைப் பின்னோக்கி ஓட்டிவிட்டது. லோரி 20 ÷ 4 = 5 விநாடியில் நின்றுவிடுகிறது; நின்றபின் பிரேக் அதைப் பின்னால் தள்ளாது. பிரேக் கணக்கில் நேரம் கொடுத்தால் முதலில் நிற்கும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். கேட்ட நேரம் அதற்குப் பிந்தியது என்றால் விடை நின்ற இடமே, 50 மீட்டர்.

9. விழும் பொருளும் எறிந்த பொருளும்

தனியே விழும் பொருளுக்கு ஏ-யின் அளவு 9.81 மீட்டர்/விநாடி², திசை எப்போதும் கீழ்நோக்கி. மேல்பக்கம் நேர்க்குறி என்று வைத்தால் பொருள் மேலே போனாலும், உச்சியில் இருந்தாலும், கீழே வந்தாலும் ஏ = −9.81.

12 மீட்டர் உயரத்தில் அறுபட்ட செம்பனைக் குலை விழுகிறது. கீழ்ப்பக்கம் நேர்க்குறி என்று கொள்வோம்: யு 0, ஏ 9.81, எஸ் 12. வி² = 2 × 9.81 × 12 = 235.4, வி = 15.3 மீட்டர்/விநாடி, அதாவது 55 கிலோமீட்டர்/மணி. நேரம் √(24 ÷ 9.81) = 1.56 விநாடி. குலை வெட்டுபவர் பக்கவாட்டில் நின்றே அறுப்பதற்கும், கீழே யாரையும் நிற்கவிடாததற்கும் காரணம் இந்த ஒன்றரை விநாடி. அண்ணாந்து பார்த்து ஒதுங்க அது போதாது.

இங்கே வி = 0 என்று எழுதும் பிள்ளைகள் பலர். ‘தரையில் விழுந்தால் நின்றுவிடும்தானே’ என்பார்கள். தரை நிறுத்துவது வேறொரு பகுதி, அங்கே முடுக்கமும் வேறு. நம் பகுதி குலை மண்ணைத் தொடும் கணத்தோடு முடிகிறது. அந்தக் கணத்தில் வேகம் உச்சத்தில் இருக்கிறது.

எறிந்த பந்துக்கு வருவோம். 6 மீட்டர் உயர மாடியிலிருந்து 12 மீட்டர்/விநாடியில் நேராக மேலே எறிந்தால் எப்போது தரையைத் தொடும்? மேல்பக்கம் நேர்க்குறி, சுழியம் கைவிட்ட இடம். யு +12, ஏ −9.81, எஸ் −6. ஏறி இறங்கிய தூரம் எவ்வளவாக இருந்தாலும் எஸ் −6தான், அது செசரான். −6 = 12 × டி − 4.905 × டி². தீர்த்தால் 2.87, −0.43. எதிர்க்குறி நேரம் எறிவதற்கு முந்தியது; விட்டுவிடலாம். விடை 2.87 விநாடி. ஏறுவதைத் தனி, இறங்குவதைத் தனி என்று பிரிக்கத் தேவையில்லை. ஏ மாறவில்லை அல்லவா?

ஆனால் இரண்டு விடையும் நேர்க்குறியாக வந்தால் ஒன்றைத் தூக்கிப் போடாதீர்கள். அதே பந்து கைக்கு மேல் 4 மீட்டரில் எப்போது இருக்கும் என்றால் 0.40, 2.05 விநாடி. முதலாவது ஏறும்போது, இரண்டாவது இறங்கும்போது.

உச்சியில் வி சுழியம் ஆனதும் ஏ-யும் சுழியம் என்று சொல்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: இரண்டும் சுழியம் என்றால் பந்து ஏன் அங்கேயே தொங்கவில்லை?

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. ஒருவர் அளவுகோலைத் தொங்கப் பிடிக்கட்டும். மற்றவர் சுழியக் கோட்டின் இருபுறமும் விரல் வைத்துக் காத்திருக்கட்டும். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். 18 செண்டிமீட்டரில் பிடித்தால் √(2 × 0.18 ÷ 9.81) = 0.19 விநாடி. இது விரலுக்கு. காலைத் தூக்கிப் பிரேக்குக்கு மாற்ற இன்னும் நேரம் ஆகும். லோரிக் கணக்கில் 0.8 வைத்தது அதனால்தான்.

10. துரத்திப் பிடிக்கும் கணக்கு

நிறுத்தத்தில் நிற்கும் பள்ளி பஸ்ஸைச் சைக்கிளில் ஒரு பையன் 6 மீட்டர்/விநாடியில் தாண்டுகிறான். அதே நொடியில் பஸ் 1.2 மீட்டர்/விநாடி² முடுக்கத்தில் கிளம்புகிறது. எப்போது பிடிக்கும்?

இரண்டு பட்டியல், ஒரே கடிகாரம். பிடிப்பது என்றால் இடப்பெயர்ச்சி சமம்: 6 × டி = 0.6 × டி². டி = 10 விநாடி, 60 மீட்டரில். டி = 0 என்ற விடையும் வரும்; அது தாண்டிய நொடி.

திசைவேகத்தைச் சமப்படுத்திவிட்டு 5 விநாடி என்று எழுதுவது வழக்கமான பிழை. 5 விநாடியில் பையன் 30 மீட்டரில், பஸ் 15 மீட்டரில். அது இருவருக்கும் நடுவே இடைவெளி மிக அதிகமாக இருக்கும் நேரம். அதுவரை பையன் வேகமாகப் போகிறான், இடைவெளி வளர்கிறது; அதன்பின் பஸ் வேகமாகப் போகிறது, இடைவெளி சுருங்குகிறது. இரண்டு கோட்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால், பரப்பு சமமாகும்போது பஸ்ஸின் திசைவேகம் பையனுடையதைப் போல் சரியாக இருமடங்கு, 12, என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

11. எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

சாயங்கால மழையை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 மீட்டரிலிருந்து விழும் துளிக்கு நான்காவது சமன்பாட்டைப் போட்டால் 140 மீட்டர்/விநாடி வருகிறது, 500 கிலோமீட்டர்/மணிக்கு மேல். உண்மையில் பெரிய துளியும் ஏறக்குறைய 9 மீட்டர்/விநாடியில்தான் தரையை அடைகிறது. வேகம் கூடக் கூடக் காற்று எதிர்ப்பதும் கூடி, ஒரு கட்டத்தில் ஈர்ப்பை ஈடுகட்டிவிடுகிறது, முடுக்கம் 9.81இல் தொடங்கிச் சுழியத்துக்குப் போய்விடுகிறது.

குலைக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதன் எடைக்கு முன்னால் காற்றின் எதிர்ப்பு சிறியது. உதிர்ந்த இலைக்கும் ஒற்றைத் தாளுக்கும் சமன்பாட்டைத் தொடவே கூடாது. ஒரு தாளை விரித்தபடி ஒருமுறையும், கசக்கி உருண்டையாக்கி ஒருமுறையும் தலை உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் அளந்த எண்களை வைத்துத் திசைவேகம்–நேரம் வரைபடம் போடுங்கள். புள்ளிகள் அளவுகோலின் விளிம்பில் பொருந்தி நின்றால் நான்கு சமன்பாட்டையும் எடுக்கலாம். வளைந்தால் கோட்டுக்குக் கீழே கட்டங்களை எண்ணி இடப்பெயர்ச்சியைக் கண்டுபிடியுங்கள். பாதி நிரம்பியதும் அதற்கு மேலும் உள்ள கட்டத்தை ஒன்றாகக் கொள்ளுங்கள், குறைந்ததை விட்டுவிடுங்கள்.